ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள்

சூரியநெல்லி
9.8.2024

அக்காவுக்கு,

பேச்சி எழுதுகிறேன். போனில் நீ என்னை பிளாக் பண்ணிவிட்டாய். அத்தான் நம்பருக்கு அடித்தால் மணி போகிறது, எடுப்பதில்லை. கவர் வாங்கப் போனால் போஸ்ட் ஆபீஸில் இருக்கிற சேச்சி என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள், இந்தக் காலத்தில் அக்காவுக்குக் கடிதமா என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்ல.

அப்பாவைத் தூக்குவதற்கு முன்னால் நடந்ததை நீயும் பார்த்தாய். லயத்து வீட்டு முற்றத்தில் மழைக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் வாய்க்கரிசி போட்டு முடித்ததும் அம்மா அரிசிச் சுளகை என் பக்கம் நீட்டினாள். "போடுட்டி. பெத்த பிள்ளைக கை படாம ஒங்கப்பன் போகக் கூடாது" என்றாள். நான் ஒரு பிடி அள்ளி அப்பா வாயில் போட்டேன். சூடம் ஏற்றவில்லை, சுற்றி வரவில்லை, திருநீறு தொடவில்லை. போடும்போது மனசுக்குள் ஜெபம்தான் பண்ணினேன். அடுத்து அம்மா சுளகை உன்னிடம் நீட்டினாள். நீ கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றாய். அம்மா கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றுவிட்டு எடுத்துக்கொண்டாள். அதற்காக நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா? உன் மனசாட்சி உனக்கு என்று விட்டுவிட்டேன்.

நீ என்ன செய்தாய்? பஸ் ஏறும்வரைக்கும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் கையால் காப்பி வாங்கிக் குடித்தாய். ஊர் போய்ச் சேர்ந்த கையோடு வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் வாய்ஸ் போட்டாய். "ஒரு சகோதரிக்காக ஜெபியுங்கள். தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள். இரட்சிக்கப்பட்டிருந்தும், தகப்பன் அடக்கத்தில் விக்கிரகச் சடங்குக்குக் கை நீட்டிவிட்டாள். ஆண்டவர் அவள் கண்ணைத் திறக்கும்படி ஜெபியுங்கள்."

பெயர் சொல்லவில்லை, அதனால் புறங்கூறவில்லை, ஜெபக்குறிப்புதான் கொடுத்தேன் என்று நீ சொல்வாய். லாக்டவுன் சமயத்தில் நீ தொடங்கின குழுதான் அது. அதில் உங்கள் கொழிஞ்சாம்பாறை சபை பாதி, எங்கள் சர்ச் பாதி. அந்த வாரம் தகப்பனைப் புதைத்த தேயிலைத் தோட்டத்துச் சகோதரி வேறு யார் இருக்கிறாள்? உங்கள் சபைக்காரர் ஒருவர், இப்படிப்பட்டவளோடு உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது என்று ஒரு வசனம் போட்டார். எங்கள் உபதேசியார் மகன் அதற்கு எதிராக வேறொரு வசனம் போட்டான். சாயங்காலம்வரை வசனத்தாலேயே அடித்துக்கொண்டார்கள். நடுநடுவே யார் யாரோ கைகூப்புகிற பொம்மை போட்டார்கள்.

ஒருவன் தப்புப் பண்ணினால் முதலில் தனியாகப் போய்ச் சொல்லு, கேட்காவிட்டால் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால்தான் சபைக்குச் சொல்லு. இது ஆண்டவர் காட்டிய வழி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். அன்றைக்கு உனக்கும் எனக்கும் நடுவில் ஓர் அடுப்புதான் இருந்தது, அக்கா.

நானும் சும்மா இருக்கவில்லை. அதே குழுவில் வாய்ஸ் போட்டேன். ஞானஸ்நானம் எடுத்த பிறகும் பிள்ளை வரம் கேட்டு மாரியம்மன் கோயில் மரத்தில் தொட்டில் கட்டினவள் எனக்கு ஜெபிக்க வந்துவிட்டாளா என்று உன் பெயரைச் சொல்லியே கேட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. உண்மையைத்தான் சொன்னேன் என்று நீ சொல்வாய் அல்லவா, நானும் அதையேதான் சொல்கிறேன்.

பேச்சியம்மாள்

•

கொழிஞ்சாம்பாறை
2.9.2024

கிறிஸ்துவுக்குள் சகோதரி பேச்சியம்மாளுக்கு, ஸ்தோத்திரம்.

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பேசாமல் இருந்தால் நீ சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடும்.

நீ அரிசி போட்டது தப்பு. அதை இப்போதும் சொல்வேன். செத்தவருக்கு வழியில் பசிக்கும் என்றுதானே அதைப் போடுகிறார்கள்? அந்த நம்பிக்கையை விட்டுத்தானே நாம் வெளியே வந்தோம்? நீ மனசுக்குள் என்ன ஜெபித்தாய் என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்குக் கைதான் தெரியும். நேற்று ஆண்டவரை ஏற்றுக்கொண்ட ஒருத்தி உன்னைப் பார்த்து, இதுவும் செய்யலாம் போலிருக்கிறது என்று நினைத்தால் அந்த ஆத்துமாவுக்கு யார் பொறுப்பு? அக்கா தங்கை என்பதற்காகச் சத்தியத்தை வளைக்க முடியாது.

தனியாகச் சொல்லியிருக்கலாம் என்கிறாய். சொல்லத்தான் நினைத்தேன். நீ காப்பி கொண்டுவந்து கொடுத்தபோது வாயைத் திறந்தேன். உன் கண் வீங்கிக் கிடந்தது. சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் உடுமலை வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் எதிரில் யார் முகமும் இல்லை. வார்த்தை தானாக வந்தது.

நீ பேசியதற்கு வருகிறேன். தொட்டில் விஷயத்தை நான் யாரிடம் சொன்னேன்? உன்னிடம் மட்டும். மூன்றாவது தடவையும் கரு நிற்காமல் போன பிறகு, உன் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு சொன்னேன். ஆண்டவரிடம் அதற்காக எத்தனை தடவை அழுதிருப்பேன் என்று உனக்குத் தெரியும். உன் தப்புக்கு நான் பெயர் சொல்லாமல் ஜெபம் கேட்டேன். நீ என் பெயரைச் சொல்லி என் வயிற்றைக் கடைவீதியில் வைத்தாய்.

இப்போது பெண்கள் கூட்டத்தை நடத்த வேறொரு சகோதரியை வைத்துவிட்டார்கள். குழுவில் நானாக எதுவும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதெல்லாம் போகட்டும். உன் அத்தான் சபையில் மூப்பர். வாய்ஸைக் கேட்டுவிட்டு வந்து என் முன்னால் நின்றார். "எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன உன்னைய அடிச்சா போட்டிருப்பேன்? ஊரே கேட்டதுக்கப்பறந்தான் நான் கேக்கோணுமா, செல்வி?" என்றார். அவ்வளவுதான் பேசினார். அதற்குப் பிறகு என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தென்னந்தோப்புப் பக்கம் போய்விடுகிறார். எனக்குப் பிள்ளை இல்லை, அப்பா போய்விட்டார், இருந்த ஒரு மனுஷனும் இப்படி. உனக்கு இப்போது திருப்திதானே?

அம்மாவோடு பேச பக்கத்து வீட்டு அன்னமேரி நம்பருக்கு அடிக்கிறேன். ஒரு நாள் குளிக்கிறார்கள் என்கிறாள், ஒரு நாள் தூங்குகிறார்கள் என்கிறாள். அம்மா எப்போதிருந்து இவ்வளவு குளிக்க ஆரம்பித்தாள்? நீதான் அவளைப் பேசவிடாமல் வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

செல்வலட்சுமி

•

சூரியநெல்லி
6.10.2024

அக்காவுக்கு,

அம்மாவை யாரும் தடுக்கவில்லை. அவள்தான் உன்னோடு பேச மாட்டேன் என்கிறாள். இதை எழுதக் கூடாது என்று பார்த்தேன். என்மேல் பழி போட்டுவிட்டாய், அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, போனும் கிடையாது. நீ தினமும் குழுவில் போடுகிற காலை ஜெபத்தை அடுத்த வீட்டு அன்னமேரி தன் போனில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டுவாள். வேலைக்குக் கிளம்பும் முன்னால் வாசலில் நின்று போடுவாள். அம்மா டம்ளரைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். உன் குரல் அப்படித்தான் இந்த வீட்டுக்குள் வரும். அன்றைக்கும் புது வாய்ஸ் வந்திருக்கிறது என்று முன்யோசனை இல்லாமல் போட்டுவிட்டாள். அம்மா முழுவதும் கேட்டாள். மறுநாள் நான் பேசியதையும் கேட்டாள்.

பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். திட்டவில்லை. "ஒருத்தி தங்கச்சிய ஊருக்குக் காட்டிக் குடுத்தா. இன்னொருத்தி அக்கா வயித்தக் காட்டிக் குடுத்தா. நான் ரெண்டு பேரையும் ஒரே வயித்துலதாம்ட்டி பெத்தேன்" என்றாள்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் வைத்திருந்தாள். அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து அம்மா என்னோடு சர்ச்சுக்கு வந்துகொண்டிருந்தாள். கடைசிப் பாயில் உட்காருவாள். பாட்டுத் தெரியாது, வாயை மட்டும் அசைப்பாள். இந்தக் கிறிஸ்மஸுக்கு ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்று உபதேசியாரிடம் சொல்லியிருந்தாள். செல்வியை வரச் சொல்லி அவள் முன்னால்தான் முங்குவேன் என்றாள். எங்கள் சர்ச்சில் முங்குவதில்லை, தலையில் தண்ணீர்தான் தெளிப்போம் என்று சொன்னேன். செல்வி முங்கத்தானே செய்தாள், எனக்கும் அப்படியே வேண்டும் என்று பிடிவாதம் பண்ணினாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். உபதேசியார் வந்து கூப்பிட்டார். "ஒங்க கூட்டத்துல ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிடுறதக் கேட்டா பயமா இருக்குய்யா. என்னை விட்டுருங்க" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

கால் வீங்குகிறது அவளுக்கு. மூணாறில் காட்டினோம். இருதயம் பலவீனமாக இருக்கிறது, மனசுக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். என் வீட்டுக்காரர் மாரீஸ்வரன் ஜீப் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா, எங்கே பேசினாயோ அங்கேயே திருத்திச் சொல்லு. அரிசி போட்டது சரி என்று நீ சொல்ல வேண்டாம். தங்கச்சியை அப்படிப் பேசியது தப்பு என்று மட்டும் சொல்லு. அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டுகிறேன். பிறகு நீ வா.

பேச்சி

•

கொழிஞ்சாம்பாறை
30.11.2024

பேச்சியம்மாளுக்கு,

அம்மா ஞானஸ்நானம் எடுக்க இருந்தாள் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுபடி எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. அவளுக்காக நான் உபவாசம் இருந்த வெள்ளிக்கிழமைகள் எனக்குத்தான் தெரியும். கேட்டது கைக்கு வந்த நேரத்தில் நானே தட்டிவிட்டிருக்கிறேன்.

குழுவில் சொல்லிவிட்டேன். பாஸ்டரிடம் போய் ஒரே ஒரு வாய்ஸ் போட அனுமதி கேட்டேன். அவர் நல்ல மனுஷன், சபை இரண்டாகப் போய்விடக் கூடாதே என்று பயப்படுகிறார். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், அதை அப்படியே வாசித்தேன். "என் வார்த்தைகளால் யாருடைய மனதாவது புண்பட்டிருந்தால் கர்த்தருக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்." நிறையப் பேர் ஆமென் போட்டார்கள். அன்னமேரி அந்தக் குழுவில்தானே இருக்கிறாள், அம்மாவுக்குப் போட்டுக் காட்டச் சொல்.

என்னால் அவ்வளவுதான் முடிந்தது. நீயும் உன் பங்குக்குச் சொல்ல வேண்டும். தொட்டிலைப் பற்றி இன்னும் இங்கே பெண்கள் குசுகுசுவென்று பேசுகிறார்கள். நான் உள்ளே நுழைந்தால் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொள்கிறார்கள்.

உன் அத்தான் இன்னும் தோப்பில்தான் சாப்பிடுகிறார்.

அம்மா கால் வீக்கத்துக்கு உப்பைக் குறை. மாத்திரையை நீயே கையில் கொடு. அவளிடம் விட்டால் மறந்துவிடுவாள்.

செல்வி

•

சூரியநெல்லி
12.1.2025

அக்காவுக்கு,

கிறிஸ்மஸ் முடிந்து எழுதுகிறேன். இந்தத் தடவை வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை.

உன் வாய்ஸை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். "யார் மனசாவதா? யாருன்னு தெரியாமலா பேசினா அவ? அன்னைக்கும் பேரு சொல்லல, இன்னைக்கும் பேரு சொல்லல" என்றாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பாஸ்டர் எழுதிக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் வருத்தப்படுவாள்.

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. உன்மேல் குற்றம் எழுதும்போதெல்லாம் பேனா நன்றாக ஓடுகிறது, இதற்கு மட்டும் நின்று நின்று போகிறது. தொட்டில் விஷயத்தை நான் சத்தியத்துக்காகச் சொல்லவில்லை. ஜெயிக்கச் சொன்னேன். எல்லோரும் எனக்கு எதிராகக் கைகூப்பிக்கொண்டிருந்தபோது, உன்னை எங்கே அடித்தால் விழுவாய் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நீ நம்பிச் சொன்னதால்தான் தெரிந்திருந்தது. அனுப்பியதும் ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது என்பதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். பிறகு அழிக்கப் போனேன். அதற்குள் நீலக் குறி விழுந்துவிட்டது. என் பேச்சை நானே அந்தக் குழுவில் வாபஸ் வாங்கிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அத்தானுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். உன் பெயரைச் சொல்லியே மன்னிப்புக் கேட்கிறேன். செல்வலட்சுமி அக்கா, என்னை மன்னித்துவிடு.

இப்போது முக்கியமானது. அம்மா தேறவில்லை. போன வாரம் என்னையும் பக்கத்து லயத்துக் காளியாத்தாளையும் ஒன்றாகக் கூப்பிட்டாள். "எனக்கு வாய்க்கரிசி காளியாத்தா போடட்டும். எம் பிள்ளைக ரெண்டு பேரும் போட வேண்டாம். ஒருத்தி போட்டா இன்னொருத்தி போன்ல பேசுவா. நான் செத்தும் ஒங்களுக்குச் சண்டையா இருக்க மாட்டேன்" என்றாள். பெற்ற பிள்ளைகள் கை படாமல் அப்பா போகக் கூடாது என்று சுளகை நீட்டினவள் அவள். காளியாத்தாள் அழுதுகொண்டே சரி என்றாள்.

உடனே புறப்பட்டு வா. பொள்ளாச்சி வந்து உடுமலையில் மாறினால் மூணாறு பஸ் இருக்கிறது. மூணாறுக்கு மாரீஸ்வரன் ஜீப் கொண்டுவருவார். அம்மா கதவைச் சாத்தினால் நான் திறக்கிறேன். குழுவில் இனி ஒன்றும் சொல்ல வேண்டாம். அம்மா முன்னால் வந்து உட்கார், அது போதும்.

பேச்சி

•

கொழிஞ்சாம்பாறை
3.2.2025

என் பேச்சிக்கு,

உன் கடிதத்தோடு எனக்குக் காய்ச்சலும் வந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு தாமதம். இப்போது பரவாயில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதுவது சுலபம். இன்னும் முழுவதும் ஆறவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் கோபம் இல்லை. நீ அவருக்கு எழுதியதை அத்தான் என்னிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்கு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

வருகிறேன். வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, யாரும் எழுதிக் கொடுக்காமல், உன் பெயரைச் சொல்லி என் தப்பை அறிக்கை செய்யப் போகிறேன். பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். அதை முடித்துவிட்டு வந்தால்தான் அம்மா முகத்தை நேராகப் பார்க்க முடியும். திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறுகிறேன்.

கீழே எழுதியிருப்பது அம்மாவுக்கு. சத்தமாக வாசித்துக் காட்டு. நடுவில் நிறுத்தினாலும் கடைசிவரை வாசி.

அம்மா, நான் செல்வி. உன் மகள் பேச்சியம்மாளைப் பெயர் சொல்லாமலே ஊரறிய அவமானப்படுத்தினேன். அன்றைக்கு நீ சுளகை நீட்டியபோது எனக்கும் கை வந்தது, அம்மா. கட்டிக்கொண்டு நின்றேன். ஆண்டவருக்குக் கீழ்ப்படிந்து நின்றேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பேச்சி தயங்காமல் அப்பா வாயில் போட்டதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அவள் கடைசியாக அப்பாவுக்கு ஒன்று கொடுத்தாள், நான் ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த எரிச்சலுக்குத்தான் ஜெபக்குறிப்பு என்று பெயர் வைத்தேன். என்னை நீ திட்டு. முகத்தைத் திருப்பாதே. நான் வரும்போது உன் கால்மாட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். பேசு என்று கேட்க மாட்டேன்.

செல்வி

•

சூரியநெல்லி
24.2.2025

அக்காவுக்கு,

நீ அம்மாவுக்கு எழுதியது, அவளைப் புதைத்து நான்கு நாள் கழித்து வந்து சேர்ந்தது.

நீயும் அத்தானும் வந்து இறங்கியபோது நாம் பேசவே இல்லை. சொந்தக்காரர்கள், சர்ச்காரர்கள், உங்கள் சபையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் நம் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரில் யார் கை நீட்டப் போகிறார்கள் என்று பார்த்தார்களோ என்னவோ. காளியாத்தாள் சுளகோடு வந்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டேன். எதிர்ப்பக்கம் நீயும் கட்டிக்கொண்டு நின்றாய். அவள் மட்டும் போட்டாள். அம்மா சொன்னபடியே நடந்தது. உன்னிடம் வந்து கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. நீ இன்னும் கோபமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். இந்தக் கடிதம் வழியில் வந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியாது. நான் வாசித்துவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய்.

வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டாள். கஞ்சி கொண்டுபோனேன், உட்கார்ந்தபடியே இருந்தாள். வேதனைப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அன்னமேரி நேற்று வந்து ஒன்று சொன்னாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன், சொல்லாமலும் இருக்க முடியவில்லை. நீ போன் அடித்தால் பேச மாட்டேன் என்று சொன்ன அம்மா, தினமும் காலையில் அன்னமேரியைக் கூப்பிட்டு உன் பழைய வாய்ஸ் ஒன்றைப் போடச் சொல்வாளாம். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ ஜெபித்துப் போட்டது. எங்கப்பா பெரியமுத்துவையும் எங்கம்மா அழகுத்தாயையும் உம் கையில் கொடுக்கிறேன் என்று வரும். அந்த இடம் வந்ததும் அம்மா, "பேரு சொல்லுதா பாரு" என்பாளாம். பேச வேண்டியதுதானே என்று அன்னமேரி கேட்டதற்கு, "அவ குரல நேருல கேட்டா நான் அழுதுருவேன். அவளா வரட்டும்" என்று சொன்னாளாம். என் காதுக்கு எட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவள் போன அன்றைக்குக் காலையிலும் கேட்டுவிட்டுத்தான் கஞ்சிக்குக் காத்திருந்தாள்.

அம்மா உன்மேல் கோபமாகப் போகவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு போனாள்.

நீ வாசிக்கச் சொன்னதை வாசித்தேன். அவள் படுத்திருந்த கட்டிலில் உட்கார்ந்து, சத்தமாக, கடைசிவரை. நடுவில் நிறுத்த யாரும் இல்லை.

பேச்சி

•

கொழிஞ்சாம்பாறை
10.3.2025

என் தங்கமே, பேச்சிக்கு,

உன் கடிதத்தை அத்தான்தான் வாசித்துக் காட்டினார். எனக்குக் கண் தெரியவில்லை.

வாசலைப் பார்த்துக்கொண்டு போனாள் என்று எழுதியிருக்கிறாய். ஜனவரியில் நீ வா என்றாய். காய்ச்சல் விட்ட மறுநாளே நான் பஸ் ஏறியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சபையில் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை வருகிறேன் என்று கணக்குப் போட்டேன். அப்போதும் எனக்குச் சபைதான் முதலில் வந்தது, வீடு பிறகுதான். அம்மாவைப் புதைத்த மறு வாரம் எழுந்து நின்று சொன்னேன். என் தங்கச்சி பேச்சியம்மாள் என்று உரக்கச் சொன்னேன். பாதிப் பேர் அழுதார்கள். நிறையப் பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். கேட்க வேண்டியவள் மட்டும் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அப்பாவுக்கு நீ அரிசி போட்டது தப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நீ அதைச் சரி என்றுதான் நினைப்பாய். நினைத்துக்கொள். அன்றைக்கே அடுப்படியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்லியிருந்தால் நீ என்னைத் திட்டியிருப்பாய், நான் உன்னைத் திட்டியிருப்பேன். இரண்டு பேரும் வாயை மூடுங்கட்டி என்று அம்மா ஒரு சத்தம் போட்டிருப்பாள். கிறிஸ்மஸுக்கு அவளை முக்குவதா, தெளிப்பதா என்று அடுத்த சண்டை போட்டிருப்போம். அந்தச் சண்டையைப் போட எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா.

அன்னமேரியிடம் அந்த வாய்ஸை அழிக்க வேண்டாம் என்று சொல்.

இனி எழுதப் போவது அத்தானுக்கும் தெரியாது. அன்றைக்கு அம்மாவைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பாதையில் இறங்கின பிறகு நான் முற்றத்தில் பின்தங்கினேன். சுளகில் அரிசி மிச்சம் இருந்தது. ஒரு பிடி அள்ளினேன். வாயில் போட நேரம் கடந்துவிட்டது, அவளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், என் விசுவாசத்துக்கும் அது ஆகாது. திரும்பப் போடவும் மனசு வரவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டேன். உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி அது என்னோடு இங்கே வந்துவிட்டது. பீரோவில் வைத்திருக்கிறேன். சமைக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. தினமும் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன். என்ன செய்யட்டும் என்று சொல்.

தொட்டில் விஷயத்துக்குப் பிறகு உன்னிடம் எதையும் சொல்லக் கூடாது என்று இருந்தேன். ஆனால் இதைச் சொல்ல எனக்கு உன்னைத் தவிர யாரும் இல்லை.

செல்வி